கழலாத இன்ஜின் போல்ட்: கை உணரும் அறிகுறியும் அதற்கான வழியும்

போல்ட் கழலாமல் நிற்க ஒரே காரணம் கிடையாது. ஒன்றில் துரு ஏறியிருக்கும். ஒன்றில் மரையில் பசை போட்டிருப்பார்கள். இன்னொன்று அலுமினியக் கேசிங்கில் இறங்கிய இரும்பு போல்ட்டாக இருக்கும். ஈரம் பட்டு அலுமினியம் அரித்து, அந்த வெள்ளைப் பொடி மரை இடுக்கு முழுக்க அடைத்திருக்கும். வேறொன்றை முன்பு மாட்டியவர் அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார். சில நேரம் போல்ட்டில் ஒரு கோளாறும் இருக்காது, ஸ்பேனர்தான் பொருந்தாதது. இத்தனைக்கும் நீளமான பைப் ஒன்றையே மருந்தாகக் கொடுப்பதால்தான் பத்து நிமிட வேலை, ஹெட்டைக் கழற்றி லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் வேலையாக மாறுகிறது. கையில் என்ன தெரிகிறது என்பதைக் கவனித்து, எது பிடித்திருக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். விசையைக் கூட்டுவது அதற்குப் பிறகு.

தொடுவதற்கு முன்

இடது மரையா என்று பாருங்கள். பெரும்பாலான போல்ட் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் கழலும். ஆனால் சில பைக்குகளின் பிரைமரி கியர் நட், மேக்னட் புல்லர் மரை, சில கார்களின் ஃபேன் நட் போன்றவை இடது மரையில் வரும். சர்வீஸ் மேனுவலில் ஒரு வரி படித்தால் தீரும் சந்தேகம் இது. தப்பான பக்கம் திருப்பினால், கழற்றுகிறோம் என்று நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்போம்.

அடுத்தது அளவு. 8.8 வலிமைத் தரமுள்ள எம்6 (6 மி.மீ. தண்டு) போல்ட்டை இறுக்கும் முறுக்கு விசை, அதாவது டார்க், சுமார் 10 நியூட்டன் மீட்டர். எம்8 சுமார் 25. எம்10 சுமார் 50. இப்போது கணக்கைப் பாருங்கள். 30 செ.மீ. நீளக் கம்பியின் நுனியில் 10 கிலோ விசையில் இழுத்தாலே 30 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். அது எம்6 போல்ட்டை முறித்துப் போடப் போதும். அதனால் எம்6-க்கு வழக்கமாக வரும் 10 மி.மீ. தலைக்கு பிரேக்கர் பாரை (நீளக் கைப்பிடிக் கம்பி) எடுக்கவே வேண்டாம். அதற்குச் சின்ன ராட்செட்டோ டி ஸ்பேனரோதான் சரி. 17, 19 மி.மீ. தலைகளுக்குத்தான் நீளக் கம்பி.

சாக்கெட் ஆறு முகம் உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முக சாக்கெட் தலையின் மூலையை மட்டுமே பிடிக்கும். ஆறு முக சாக்கெட் பக்கவாட்டுத் தட்டைப் பரப்பில் அழுத்தும். பிடித்துப்போன போல்ட்டுக்கு ஓபன் எண்ட் ஸ்பேனர் கூடவே கூடாது. கிளிக் வகை டார்க் ரென்ச்சைக் கழற்றுவதற்கு எடுக்காதீர்கள், அதன் அளவு கெட்டுப்போகும்.

அறிகுறி: ஸ்பேனர் ஆடுகிறது, அழுத்தினால் வழுக்கப் பார்க்கிறது

நிறுத்துங்கள். தலை உருள்வது எப்போதும் இந்த இடத்தில்தான் தொடங்கும். தலையைச் சுற்றிய பெயின்ட், எண்ணெய்ச் சேறு, துருச் செதில் எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ஆலன் போல்ட் என்றால் குழிக்குள் இறுகிய மண்ணைக் கூர்மையான ஊசியால் நோண்டி, காற்று அடித்து வெளியேற்றுங்கள். குழியின் அடியில் 1 மி.மீ. மண் இருந்தால் ஆலன் கீ அந்த அளவு குறைவாகத்தான் இறங்கும், மேல்விளிம்பில் மட்டுமே பிடிக்கும். சுத்தம் செய்தபின் சாக்கெட்டை வைத்து, பின்புறம் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி முழுதாக உட்கார வைத்துவிட்டுத் திருப்புங்கள்.

பழைய ஜப்பானிய வடிவமைப்பு பைக்குகளின் சைடு கவரில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூ பெரும்பாலும் பிலிப்ஸ் அல்ல, ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வகை. தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அது ஜேஐஎஸ். பிலிப்ஸ் நுனி அதில் முழுதாக இறங்காது. திருப்பும்போது மேலே ஏறி வந்து பள்ளத்தைச் சிதைத்துவிடும். ஜேஐஎஸ் நுனி போட்ட இம்பாக்ட் டிரைவரை வைத்து, உடலைக் கழற்றும் பக்கம் கையால் திருகிப் பிடித்தபடி, கனமான சுத்தியலால் ஒரே அடியாக அடியுங்கள். அடி நுனியை உள்ளே அழுத்தும் அதே நொடியில் திருப்பமும் நடப்பதால் ஏறி வர வழியே இருக்காது. செல்லமாகப் பத்துத் தட்டு தட்டுவதைவிட நேராக விழும் ஓர் அடி மேல்.

அறிகுறி: தலை நன்றாக இருக்கிறது, ஸ்பேனர் பிடிக்கிறது, ஆனால் துளியும் அசையவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. போல்ட்டின் வால் பின்பக்கம் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அங்கிருந்தும் பெனட்ரேட்டிங் ஆயில் (இடுக்கில் ஊறி இறங்கும் எண்ணெய்) விடுங்கள். தலைப்பக்கம் மட்டும் விட்டால், இறுக்கமாக உட்கார்ந்த தலையும் வாஷரும் எண்ணெயை மரை வரை விடாது. குருட்டுத் துளையில் (மறுபக்கம் திறக்காத துளை) இறங்கிய போல்ட்டில் எண்ணெயை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. அங்கே அதிர்வும் சூடும்தான் அதிக வேலை செய்யும்.

2. எண்ணெய்க்கு நேரம் கொடுங்கள். குறைந்தது 15 நிமிடம். முடிந்தால் மாலையில் விட்டு, இரவில் இன்னொரு முறை விட்டு, காலையில் தொடுங்கள். எல்லோர் வீட்டிலும் இருக்கும் சாதாரண டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும் லேசாக வழுக்க வைக்கவும் உதவும். கெட்டித் துருவுக்கு அதற்கென்றே செய்த எண்ணெய்தான் வேண்டும். ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) எண்ணெயும் அசிட்டோனும் சம அளவு கலந்த கலவையும் நன்றாக வேலை செய்யும். இரண்டும் பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். அசிட்டோன் பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும், சட்டென்று தீப்பிடிக்கும். இதை ஊற்றிய இடத்தில் நெருப்புப் பக்கமே போகாதீர்கள்.

3. தலையின் நடுவில் பித்தளை டிரிஃப்ட்டை (தட்டுவதற்கான தண்டு) வைத்து, சுத்தியலால் பத்துப் பதினைந்து முறை நேராகத் தட்டுங்கள். போல்ட்டை வளைப்பதற்கல்ல இது. இறுகிய மரைகளின் நடுவே இருக்கும் துருவை நொறுக்கி, எண்ணெய்க்கு வழிவிடுவதற்கு. கேசிங்கிலிருந்து நீட்டி நிற்கும் அலுமினியக் காதில் இருக்கும் போல்ட் என்றால் பின்பக்கம் கனமான இரும்பைத் தாங்கலாக வைத்துத் தட்டுங்கள். இல்லையென்றால் காது விரிசல் விடும்.

4. முதலில் இறுக்கும் பக்கம் லேசாக அழுத்துங்கள். ஒரு நூலிழை அசைந்தாலும் துருவின் பிடி உடைந்ததாக அர்த்தம். பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள்.

5. இழுங்கள், தள்ளாதீர்கள். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள். போல்ட் திடீரென்று விட்டுக்கொடுக்கும்போது விரல் கேசிங்கில் மோதாமல் இருக்கும்.

இதற்கும் மசியவில்லை என்றால் சூடு. அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்கு சுமார் 23 மைக்ரான் விரியும். இரும்பு சுமார் 12 மைக்ரான்தான். 10 மி.மீ. துளையைச் சுற்றி 100 டிகிரி சூடேற்றினால் துளை போல்ட்டைவிட ஏறத்தாழ 0.01 மி.மீ. கூடுதலாக விரியும். கேட்கச் சின்னது, ஆனால் மரையை அடைத்திருக்கும் பொடியின் பிடி விட இதுவே போதும். எனவே அலுமினியத்தில் போல்ட்டைச் சூடாக்காதீர்கள், சுற்றியுள்ள கேசிங்கைச் சூடாக்குங்கள். ஹீட் கன் போதும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் விழுந்ததும் சீறிக் கொதித்து மறைய வேண்டும்; அதுவே அடையாளம். நெருப்பு டார்ச்சை அலுமினியத்தில் பிடிப்பது ஆபத்து. இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காமல் சட்டென்று உருகிவிடும். பக்கத்தில் ரப்பர் ஆயில் சீல் இருந்தால் அது முதலில் கருகும், புது சீல் கையில் இருக்கட்டும்.

இரும்பில் இரும்பு என்றால் வேறு. நட்டையோ சுற்றியுள்ள பாகத்தையோ வேகமாகச் சூடாக்குங்கள், போல்ட் சூடாவதற்குள் நட் விரிய வேண்டும். சூடான நிலையில் ஒருமுறை முயலுங்கள், ஆறவிட்டு இன்னொரு முறை. விரிந்து சுருங்கும் அந்த ஏற்ற இறக்கமே துருவை உடைக்கும். ஆறிக்கொண்டிருக்கும்போது மெழுகுவர்த்தியை மரையின் விளிம்பில் தொட்டால், மெழுகு உருகி இடுக்குக்குள் இழுத்துக்கொள்ளும்; எண்ணெய் புகாத இடத்துக்கும் அது போகும்.

மரைப் பசை சந்தேகம் இருந்தால், நீலப் பசை கைக்கருவிக்கே விட்டுக்கொடுக்கும். சிவப்புப் பசை வேறு ரகம், சுமார் 250 டிகிரி வரை சூடேற்றி, சூடாக இருக்கும்போதே திருப்ப வேண்டும். ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

சூடாக்கும் முன் மூன்று விஷயம். பெட்ரோல் குழாய், டேங்க் பக்கத்தில் வேண்டாம். பிரேக் கிளீனர் தெளித்த இடம் முழுதாகக் காயும் முன் சூடு காட்டாதீர்கள், குளோரின் கலந்த கிளீனர் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். துத்தநாக முலாம் போட்ட போல்ட்டின் புகையையும் மூச்சில் இழுக்காதீர்கள், கதவைத் திறந்து வையுங்கள்.

அறிகுறி: கொஞ்சம் திரும்பியது, இப்போது மறுபடி இறுகுகிறது, கீச்சென்று சத்தம் வருகிறது

மரைக்குள் துருப்பொடியோ அலுமினியத் துகளோ உருண்டு சேர்கிறது. தொடர்ந்து திருப்பினால் உலோகம் உலோகத்தோடு ஒட்டி மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் இது சீக்கிரம் நடக்கும். கால் சுற்று கழற்றி, அதே அளவு திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மீண்டும் கால் சுற்றைவிடக் கொஞ்சம் அதிகம் கழற்றுங்கள். கீச்சுச் சத்தம் வரும்போதெல்லாம் பின்வாங்குங்கள். பொடி எண்ணெயோடு பழுப்பு நிறச் சேறாக வெளியே வரும், அதைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய். ஒரு போல்ட்டுக்கு அரை மணி நேரம் போனாலும் மரை மிச்சப்படும். பேட்டரி இம்பாக்ட் ரென்ச்சை இந்த நிலையில் முழு வேகத்தில் விடுவதுதான் பலர் செய்யும் பெரிய தவறு. குறைந்த நிலையில் வைத்து, முன்னும் பின்னும் மாற்றி மாற்றி விட்டால் மட்டுமே அது உதவும்.

அறிகுறி: திரும்புகிறது, ஆனால் ரப்பரை முறுக்குவது போல இருக்கிறது

இதுதான் மிக முக்கியமான எச்சரிக்கை. துரு விடும்போது "டக்" என்று ஒரு சத்தத்தோடு சட்டென்று இலகுவாகும். சத்தமே இல்லாமல் தலை மெதுவாக நகர்ந்துகொண்டே போனால், மரை அசையவில்லை, தண்டுதான் முறுகுகிறது. உறுதி செய்ய ஒரு வழி உண்டு. தலையிலிருந்து கேசிங் வரை மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இழுத்துவிட்டு ஸ்பேனரைத் தளர்த்துங்கள். கோடு பழைய இடத்துக்குத் திரும்பினால் தண்டு முறுகி மீள்கிறது. கோடு திரும்பவும் இல்லை, தலைக்கு அடியில் இடைவெளியும் வரவில்லை என்றால் தண்டு நிரந்தரமாக முறுகிவிட்டது, அடுத்த இழுப்பில் முறியும். உடனே நிறுத்தி எண்ணெய், அதிர்வு, சூடு என்று முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள். இங்கே பொறுத்துக்கொள்ளும் ஒரு நாள், பிறகு துளைபோடும் இரண்டு நாளை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: போல்ட்டோடு இன்ஜினும் சேர்ந்து சுற்றுகிறது

கிராங்க் புல்லி போல்ட், மேக்னட் நட், கிளட்ச் நட் மூன்றிலும் இதுதான் தொல்லை. புல்லியின் துளைகளில் மாட்டும் ஹோல்டர்தான் சரியான வழி. டைமிங் லாக் பின்களை (டைமிங் சரிபார்க்கச் செருகும் ஊசிகள்) தாங்கலாகப் பயன்படுத்தவே கூடாது. அவை நிலையைக் காட்டுவதற்கு மட்டுமே, முறுக்கு விசை தாங்காது. கியர் பற்களுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரைச் செருகினால் பல் போகும்.

ஹோல்டர் இல்லையென்றால் கயிறு முறை இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் கம்ப்ரஷன் பக்கம் ஏறும்போது, அதாவது இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது, சுத்தமான நைலான் கயிற்றைத் துளை வழியே நிறைய விட்டு, நுனியை வெளியே விடுங்கள். பிஸ்டன் கயிற்றை அழுத்தி நிற்கும், கிராங்க் அசையாது. எந்தப் பக்கம் போல்ட் கழல்கிறதோ அந்தப் பக்கம் பிஸ்டன் மேலே ஏற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இரண்டு ஸ்ட்ரோக்கில் கயிறு போர்ட்டில் மாட்டி அறுபடும், அங்கே வேண்டாம்.

கார் புல்லிக்கு நீளமான எக்ஸ்டென்ஷன் போட்டால், இழுப்பில் ஒரு பங்கு அதன் வளைவிலேயே போகும். எக்ஸ்டென்ஷனின் நுனியை ஜாக் ஸ்டாண்ட் மேல் தாங்க வைத்துவிட்டு இழுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்ற வைத்துக் கழற்றும் குறுக்குவழி கையையும் ரேடியேட்டரையும் உடைக்கும், செய்ய வேண்டாம்.

அறிகுறி: தலை உருண்டுவிட்டது, அல்லது ஆலன் குழி மழுங்கிவிட்டது

கொஞ்சம்தான் உருண்டிருக்கிறது என்றால், ஒரு அளவு சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து இறக்குங்கள். 10 மி.மீ. தலைக்கு 3/8 அங்குலம் (9.5 மி.மீ.), 13 மி.மீ. தலைக்கு 1/2 அங்குலம் (12.7 மி.மீ.) பொருந்தும். அதுவும் வழுக்கினால், உள்ளே சுருள் பற்கள் கொண்ட எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட். அதுவும் இல்லையென்றால், தலையின் இரண்டு எதிர்ப்பக்கங்களை அரத்தால் தட்டையாக்கி, வைஸ் கிரிப்பை முடிந்த மட்டும் இறுக்கிக் கவ்வுங்கள். கிரிப்பின் தாடை நேராகத் தலையின் மேல் இருக்க வேண்டும், ஓரத்தில் அல்ல.

ஆலன் குழிக்கு டார்க்ஸ் பிட் (ஆறு முனை நட்சத்திர நுனி): 4 மி.மீ. குழிக்கு டி25, 5 மி.மீ.க்கு டி30, 6 மி.மீ.க்கு டி40. அடித்து இறக்கியபின் மெதுவாக, ஒரே சீராகத் திருப்புங்கள். பிட் உடைந்தால் துண்டு உள்ளே நிற்கும். மலிவான பிட்டை இங்கே பயன்படுத்தாதீர்கள். வேறு வழி இல்லையென்றால் தலையைத் துளைபோட்டுத் தனியே எடுத்துவிடலாம். தலை போனதும் இழுவிசை தளர்ந்துவிடும். கவரைக் கழற்றியபின் நிற்கும் தண்டைப் பெரும்பாலும் கிரிப்பால் சாதாரணமாகத் திருகி எடுக்க முடியும். தலையில்லாத தண்டைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

அறிகுறி: நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வருகிறது, அல்லது எக்ஸாஸ்ட் நட் கரிக்கட்டையாகிவிட்டது

ஸ்டட் (தலையில்லாத, இரு முனையிலும் மரையுள்ள தண்டு) முழுதாக வந்தால் கவலையில்லை, விட்டுவிடுங்கள். புது ஸ்டட்டும் புது நட்டும் போடுங்கள். நட் ஸ்டட்டில் ஒட்டி நின்றால், நட் ஸ்ப்ளிட்டரால் ஒரு பக்கம் வெட்டினால் போதும், மரை தப்பிக்கும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் நட்டைச் சிவக்கும் வரை சூடாக்குவது சரியான வழி, ஆனால் அலுமினிய ஹெட்டில் சூடு நட்டிலேயே நிற்க வேண்டும். ஸ்டட்டை மட்டும் எடுக்க, இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று எதிராக இறுக்கி, உள்ளே இருக்கும் நட்டைக் கழற்றும் பக்கம் திருப்புங்கள்.

அறிகுறி: சும்மா சுற்றுகிறது, வெளியே வரவில்லை

உள்ளே மரை பிய்ந்துவிட்டது. தலைக்கு அடியில் தட்டையான இரண்டு ஸ்க்ரூடிரைவரை எதிரெதிராக வைத்து, தலையை மேலே நெம்பியபடி திருப்புங்கள். மிச்சமிருக்கும் மரையில் அது கவ்வி ஏறும். வந்தபின் ஹெலிகாயில் (புது மரையாக அமரும் கம்பிச் சுருள்) போட்டாக வேண்டும். ஒட்டுப் பசையால் சரியாகாது.

அறிகுறி: முறிந்துவிட்டது

தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்யுங்கள். எம்6 தண்டுக்கு எம்8 நட் போதும். துளையில் உலோகம் நிரம்ப இடம் கிடைக்கும். அலுமினியத்தில் இரும்பு வெல்டிங் ஒட்டாது, எனவே கேசிங் மட்டத்தில் முறிந்திருந்தாலும் முயன்று பார்க்கலாம். வெல்டிங் சூடு போல்ட்டின் உள்ளேயே ஏறுவதால் கழற்றுவதற்கும் அது உதவுகிறது. சிவப்பு மறைந்து கறுத்ததும் இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டித் திருப்புங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். எர்த் கிளாம்ப்பை முறிந்த இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள்.

வெல்டிங் இல்லையென்றால் துளை. முறிந்த முகத்தை அரத்தால் தட்டையாக்கி, சரியாக நடுவில் சென்டர் பஞ்ச் குத்துங்கள். இங்கே அரை மி.மீ. விலகினால் துளை மரைக்குள் போய்விடும், அதனால் குறியை ஒன்றுக்கு இரண்டு முறை அளந்து பாருங்கள். எம்6-க்கு 2.5 மி.மீ., பிறகு 4 மி.மீ.; எம்8-க்கு 3 மி.மீ., பிறகு 5, 6.5 மி.மீ. இடது சுற்று டிரில் பிட் போட்டு ரிவர்ஸில் துளையிட்டால், பல முறை துளை முடியும் முன்பே துண்டு தானாகக் கழன்று வரும். துளையிடும்போது ஆயில் விடுங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

துளையில் செருகித் திருகும் ஈஸி அவுட்டைப் பற்றிக் கவனமாக இருங்கள். இந்தக் கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டர் மெல்லிய தண்டை உள்ளிருந்து விரித்து மரையை இன்னும் இறுக்கும். அது உடைந்தால், அதன் கெட்டித்த எஃகைச் சாதாரண டிரில் பிட்டால் தொடவே முடியாது. கார்பைடு பிட்டோ, மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் இடிஎம் இயந்திரமோதான் வழி. கையால் மட்டும் திருப்புங்கள், கொஞ்சம் வளைவது தெரிந்தால் விட்டுவிடுங்கள். எம்6-க்கு 5.0, எம்8-க்கு 6.8 மி.மீ. வரை துளையைப் பெருக்கி, மிச்ச மரையை ஊசியால் உரித்து எடுத்துவிட்டு, டேப்பால் (மரை வெட்டும் கருவி) சுத்தம் செய்வது நேரமெடுக்கும், ஆனால் பாதுகாப்பானது.

ஸ்பார்க் பிளக் தனி

அலுமினிய ஹெட்டில் பிளக்கை ஆறிய நிலையில் கழற்ற வேண்டும். சூட்டில் மென்மையான அலுமினிய மரை பிளக்கோடு பிய்ந்து வரும். முதலில் குழியைக் காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் மண் சிலிண்டருக்குள் விழும். கால் சுற்று கழற்றி, எண்ணெய் விட்டு, 15 நிமிடம் பொறுத்து, திரும்ப இறுக்கி மறுபடி கழற்றுங்கள். கடைசி மரைகளில் கரி படிந்திருப்பதால் முடிவில்தான் இறுகும். டீசல் குளோ பிளக்குக்கு இது நேர்மாறு, இன்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றுவது நல்லது. எம்10 குளோ பிளக் சுமார் 35 நியூட்டன் மீட்டரைத் தாண்டினால் முறியும்.

கழன்றபின்

ஹெட் போல்ட் என்றால் இறுக்கும் வரிசைக்கு நேர்மாறாக, வெளியிலிருந்து உள்ளே, இரண்டு மூன்று கட்டமாகத் தளர்த்துங்கள். கோணக் கணக்கில் இறுக்கும் ஹெட் போல்ட்டுகள் நீண்டிருக்கும், புதிது வாங்குங்கள்.

மரைகளைத் த்ரெட் சேஸரால் (மரையை வெட்டாமல் சுத்தம் செய்யும் கருவி) சுத்தம் செய்யுங்கள். வெட்டும் டேப் நல்ல மரையையும் கொஞ்சம் தின்றுவிடும். பித்தளை பிரஷ், கிளீனர், காற்று, இந்த வரிசையில். குருட்டுத் துளையின் அடியில் எண்ணெயோ கூலன்ட்டோ தேங்கி நின்றால், போல்ட் இறங்கும்போது திரவம் தப்பிக்க வழியில்லாமல் கேசிங்கை உள்ளிருந்து பிளக்கும். சுருட்டிய துணியை உள்ளே விட்டு, காய்ந்த துணி வெளியே வரும் வரை துடையுங்கள்.

திரும்பப் பூட்டும்போது எக்ஸாஸ்ட் ஸ்டட்டுக்கும் அலுமினியத்தில் இறங்கும் போல்ட்டுக்கும் ஆன்டி சீஸ் (மரை பிடிக்காமல் தடுக்கும் பசை) கொஞ்சமாகத் தடவுங்கள். மேனுவல் உலர்ந்த மரைக்குச் சொல்லும் டார்க்கை அப்படியே போடாமல் குறையுங்கள், உராய்வு குறைந்த மரையில் அதே டார்க் போல்ட்டைக் கூடுதலாக இழுக்கும். முலாம் பூசிய ஸ்பார்க் பிளக்கில் ஆன்டி சீஸ் வேண்டாம். போல்ட்டைக் கையாலேயே நான்கைந்து சுற்று இறக்கிய பிறகுதான் ராட்செட்டை மாட்டுங்கள். கை விரலில் எதிர்ப்பு தெரிந்தால் மரை குறுக்கே ஏறுகிறது, எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.